குளத்தைச் சுற்றி நடந்த பொய்

போன ஞாயிறு பூசை முடிந்து முருகன் கோயில் கார் தரிப்பிடத்துக்கு வந்தால், பட்டு வேட்டி கட்டிய ஒருவர் ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்தபடி நிற்கிறார். முப்பது வயது இருக்கும். ஒரு முழங்கையைக் காரின் கூரையில் ஊன்றி, மற்றக் கையை இடுப்பில் வைத்து, தூரத்தில் தன்னுடைய எதிர்காலம் தெரிகிற மாதிரி ஒரு பார்வை. சிநேகிதன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நாலாவது படத்துக்குத் தலையைச் சரிக்கும்போது கார் 'கிளுக்' என்று சத்தம் போட்டது. அர்ச்சனைத் தட்டோடு பின்னால் வந்து நின்ற ஒரு அம்மா, "தம்பி, கொஞ்சம் விலத்திறியளோ, எனக்கு நேரம் போகுது" என்றார். கார் அவருடையது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயில் வைத்திருந்த மோதகத்துண்டு புரைக்கேறிவிட்டது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. "வாரும் போவம்" என்று விறுவிறு என்று எங்கள் காரை நோக்கி நடந்தார். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. முப்பது வருடத்துக்கு மேலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உங்களுக்குக் கதை சொல்லும்போது மட்டும் எதற்கு அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்.

இவர் சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. என்னை இந்தக் கனடாவுக்குக் கொண்டுவந்தது அப்படி ஒரு படம்தான்.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தேழு, ஊரின் கணக்கில் அது முப்பத்தேழு. ஒரு சம்மந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. கூடவே ஒரு படம். நீலநிற நீளக் கோட் போட்ட ஒருவர் ஒரு பாறையில் வலது காலை வைத்து, கையை இடுப்பில் ஊன்றி, நாடியை உயர்த்தி நிற்கிறார். பின்னால் ஒரு சின்னக் குளம். குளத்தைச் சுற்றிக் காடு, அதுவும் தீப்பிடித்த மாதிரிச் சிவந்த காடு. குளத்துக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கூரையோடு மரத்தால் கட்டிய ஒரு வீடு. படத்தின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் இரண்டு சொல்: 'எங்கட குளம்.'

அந்த 'எங்கட'தான் எல்லாவற்றையும் செய்தது. அப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவந்து படத்தை மேசையில் வைத்து வீட்டின் யன்னல்களை எண்ணினார். "ஏழு" என்றார். "பின்பக்கத்தில எத்தினையோ, ஆருக்குத் தெரியும்." அம்மாவுக்கு வேறு கவலை. "குளத்துக்குப் பக்கத்தில வீடெண்டா நுளம்பு வருமே." எனக்குக் கவலை எதுவும் இல்லை. நான் தமிழ் ஆசிரியை. எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு எல்லாம் கரைத்துக் குடித்தவள். 'எங்கட' என்றால் உடைமைப் பொருள். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த கிழமைக்குள் ஏழு யன்னல் செய்தி சந்தைவரை போய்விட்டது. அப்பா அரிசி மில்லுக்குப் போனால், மா அரைபட முன்னம் வீட்டுக் கதை அரைபடும்.

நானும் ஒரு படம் அனுப்பினேன் என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தடித்த மூக்குக்கண்ணாடி. சோடாப் போத்தலின் அடிப்பாகம் என்று ரியூட்டரிப் பெடியள் சொல்வார்கள். ஸ்ரூடியோக்காரர், "பிள்ளை, அதைக் கழட்டும், முகம் எடுப்பா வரும்" என்றார். கழற்றினேன். முகம் எடுப்பாகத்தான் வந்தது. கண் மட்டும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்சம் கனவு காண்கிற மாதிரி இருந்தது. அதை மாப்பிள்ளை வீட்டார் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கொழும்பில் ஒரு லொட்ஜில் ஏழு மாதம் விசாவுக்குக் காத்திருந்து, ஒரு செப்டெம்பர் முடிவில் மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். படத்தில் கண்ணாடி இல்லை, ஆகவே நேரிலும் இருக்கக்கூடாது என்று கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் மங்கலாக நிறைய உருவம். அதில் நீளக் கோட் போட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, நேராக அதற்கு முன்னால் போய் நின்றேன். "வணக்கம்" என்றேன். அந்த உருவம் "பொன்ஜூர்" என்றது. நல்ல கனத்த குரல். பிறகுதான் பக்கத்தில் இருந்து யாரோ ஓடிவந்து, "இஞ்சால, இஞ்சால, நான்தான்" என்று என் பெட்டியை இழுத்தார்கள். அதுதான் இவர். கோட் போடவில்லை. ஒரு மெல்லிய ஜாக்கெட்.

நாலு நாள் வில்லரேயில் தெரிந்த ஒரு குடும்பத்தோடு தங்கினேன். நாலாம் நாள் தாலி கட்டியாயிற்று. ஐந்தாம் நாள் காலை கண்ணாடியை எடுத்துப் போட்டேன். தாலி ஏறின பிறகுதான் கண்ணாடி ஏறியது. அப்போதுதான் இவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். பரவாயில்லாமல் இருந்தார். இவர் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தேத்தண்ணி குடித்தார்.

அன்றைக்கே என்னைப் பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு அடித்தள வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீதியின் மட்டத்துக்குக் கீழே. யன்னல் ஒன்று. அதனூடாகப் பார்த்தால் போகிறவர்களின் சப்பாத்து தெரியும். ஒரு அறை எங்களுக்கு. வெளி அறையில் ஞானம் அண்ணை என்று ஒரு சிநேகிதர். ஞானம் அண்ணை ஒரு உணவகத்தில் இரவு முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு விடிய வந்து படுப்பார். நல்ல மனிதர். நான் வந்த அன்று எனக்காக வெங்காயம் பொரித்துப் போட்டு முட்டை பொரித்து வைத்திருந்தார்.

நான் நினைத்தேன், இது இடையில் தங்குகிற இடம் என்று. ரெயிலில் அநுராதபுரத்தில் இறங்கித் தேத்தண்ணி குடிப்பதில்லையா, அப்படி. பெட்டியைத் திறக்கவே இல்லை.

"எப்ப வீட்டை போறது?" என்று கேட்டேன்.

"பேந்து" என்றார். பிறகு என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு.

அடுத்த நாளும் கேட்டேன். "பேந்து." மூன்று கிழமை இவர் சொன்ன ஒரே சொல் அது. இலக்கணத்தில் காலங்கள் மூன்று என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். நாலாவதாகப் பேந்து என்று ஒரு காலம் இருப்பதை மொன்றியலில்தான் அறிந்துகொண்டேன்.

மூன்றாம் கிழமை முடிவில் ஒரு சனிக்கிழமை எயர் லெட்டரை எடுத்து மேசையில் விரித்து வைத்தேன். "நாளைக்கு என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போகாட்டி அப்பாவுக்கு எழுதிறன்" என்றேன். இவர் ஞானம் அண்ணையைப் பார்த்தார். ஞானம் அண்ணை கூரையைப் பார்த்தார். கூரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, மேல்வீட்டுக்காரரின் குளியலறை ஒழுகிய கறையைத் தவிர.

அடுத்த நாள் ஞானம் அண்ணையின் காரில் புறப்பட்டோம். மைசூர் சில்க் கட்டியிருந்தேன். சொந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவள் வேறு எதைக் கட்டுவாள்? அக்டோபர் நடு, குளிர் கடித்தது. போட ஒன்றும் இல்லாததால் அலுமாரியின் அடியில் இருந்து அந்த நீலக் கோட்டை எடுத்துத் தந்தார்கள். பூச்சி உருண்டை மணம். தோள் இரண்டும் என்னுடைய தோளுக்கு ஒரு சாண் வெளியே நின்றது. இன்றைக்கும் எங்கேயாவது அந்த மணம் வந்தால் எனக்குக் கலியாண வீட்டு ஞாபகம்தான் வரும். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ.

வடக்கே ஒரு மணித்தியாலம். கோயில் கோபுரம் மாதிரி வெள்ளிக்கூரை போட்ட ஒரு தேவாலயம், பாணும் பாலும் பியரும் விற்கிற ஒரு மூலைக் கடை, நாலைந்து வீடு, ஊர் அவ்வளவுதான். தேவாலயத்துக்குப் பக்கத்தில் காரை விட்டார்கள். ஞானம் அண்ணை வேலையால் வந்து படுக்காதவர். ஆசனத்தைப் பின்னால் சரித்து, "நீங்கள் போட்டு வாங்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தேவாலயத்துக்குப் பின்னால் காடு. காட்டுக்குள் பத்து யார் தூரம் போனால் குளம். படத்தில் இருந்த அதே குளம். எங்கள் ஊர்க் குளத்தைவிடச் சின்னன், ஆனால் தண்ணீர் இருந்தது. சுற்றிவர ஒரு நடைபாதை. ஆற அமர நடந்தால் முக்கால் மணித்தியாலத்தில் ஒரு சுற்று. ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லை. மரவேர்கள் மட்டும் அங்கங்கே பாதைக்குக் குறுக்கே படுத்திருக்கும். விழுந்த இலை கணுக்கால்வரை. அந்தப் பக்கக் கரையில் சிவப்புக் கூரை தெரிந்தது.

இடப்பக்கமாகப் போனால் பத்து நிமிடத்தில் வீடு. இவர் வலப்பக்கம் திரும்பினார். "இதால போனா வடிவு" என்றார்.

அந்த முக்கால் சுற்றை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். நான் முன்னால். ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யன்னலுக்கு என்ன நிறச் சீலை போடலாம், கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து எந்த யன்னலோடு வைக்கலாம் என்று சத்தமாகத் திட்டம் போட்டுக்கொண்டு போகிறேன். இவர் பின்னால். ஒவ்வொரு வளைவிலும், "இஞ்சேரும்" என்று கூப்பிடுவார். நான் திரும்புவேன். மூச்சை ஒருதரம் இழுப்பார். பிறகு, "அங்க பாரும், தண்ணியில தாரா" என்பார். அடுத்த வளைவில், "இஞ்சேரும்." "என்ன?" "அந்த மரம், அதின்ர பால்தான் இனிக்கிறது." இப்படி ஒரு தாரா, ஒரு மேப்பிள், ஒரு மரங்கொத்தி, இரண்டு அணில் எல்லாம் பார்த்தோம். உண்மையைத் தவிர எல்லாவற்றையும் காட்டினார்.

வீடு வந்துவிட்டது. படியேறி, முன்விறாந்தையில் சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். வலது காலை முன்வைத்துக் கதவின் பிடியில் கை வைக்கும்போது கதவு தானே திறந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா. எழுபது வயது இருக்கும். கையில் கத்தி, ஏப்ரனில் அப்பிள் தோல். உள்ளேயிருந்து அப்பிள் வேகிற மணம்.

நீங்கள் என்றால் என்ன நினைத்திருப்பீர்கள்? நான் நினைத்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 'அட, வேலைக்கு வெள்ளைக்காரி வைச்சிருக்கிறார்!' இவரைப் பற்றி முதன்முதலாகப் பெருமையாக இருந்தது. அந்த அம்மாவிடம், ரியூட்டரியில் பக்கத்து வகுப்பில் கேட்டுப் பழகிய ஆங்கிலத்தில், விறாந்தை கூட்டவில்லை, இலை கிடக்கிறது என்று சொன்னேன். அதட்டவில்லை. ஒரு எசமானி முதல்நாள் சொல்கிற அளவுக்குத்தான். பிறகு மேல்மாடியைக் காட்டச் சொன்னேன்.

அவவுக்கு ஆங்கிலம் தெரியாது. சேலையோடும் ஆம்பிளைக் கோட்டோடும் குளிரில் நடுங்கிக்கொண்டு கையை மேலே காட்டுகிற ஒருத்திக்கு என்ன தேவைப்படும் என்று அவ ஊகித்தா. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் கழிப்பறையைக் காட்டினா. நான் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துத் திருப்தியோடு வந்தேன். குசினி அலுமாரியைத் திறந்து பார்த்தேன். யன்னல்களை எண்ணினேன். பின்பக்கம் நாலு. இவ்வளவும் நடக்கும்போது இவர் வாசலில் குனிந்து சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். இவர் போட்டிருந்தது நூல் இல்லாத சப்பாத்து.

அந்த அம்மாவின் பெயர் மதாம் ஒடெத் என்று பிறகு அறிந்தேன். அவ எங்களை இருத்தி, அப்பிளும் கறுவாவும் போட்ட சூடான ஏதோ ஒன்றைக் கோப்பையில் தந்தா. அப்போதுதான் என் கோட்டை வடிவாகப் பார்த்தா. "ஆ!" என்றா. கோட்டைக் காட்டினா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. எழும்பிப்போய் ஒரு முக்காலியில் வலது காலை வைத்து, இடுப்பில் கையை ஊன்றி, நாடியை உயர்த்தி நின்றா.

அச்சு அசல் அந்தப் படம்.

பிறகு ஐந்து விரலைக் காட்டினா. கையை உயரத் தூக்கி ஒரு நெட்டை. பதித்து ஒரு கட்டை. கன்னத்தை ஊதி ஒரு குண்டர். ஒவ்வொன்றுக்கும் அதே கோட், அதே பாறை, அதே நாடி. கடைசியில் இவரைக் காட்டி நாலு விரலை நீட்டினா. இவர் நாலாவது. குளத்துக்கு இந்தப் பக்கம் யன்னலில் இருந்துகொண்டு, ஒரே கோட் ஐந்து தலையோடு வந்து நிற்பதை அவ பார்த்திருக்கிறா. பிரெஞ்சு ஒரு சொல் தெரியாத எனக்கு முழுக்க விளங்கியது.

கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வெளியே போனேன். படியால் இறங்கி, மிச்சக் கால் சுற்றில் நடக்கத் தொடங்கினேன். கண்ணாடி புகாராகிவிட்டது. கொஞ்சத் தூரம் போனபிறகுதான் கால் எரிந்தது; சப்பாத்தை விறாந்தையிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போக ரோசம் விடவில்லை. பின்னால் பத்தடி தள்ளி இவர். இவருக்கும் பின்னால், ஏப்ரனோடு, என் சப்பாத்து இரண்டையும் உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "மதாம்! மதாம்!" என்று மதாம் ஒடெத். யாராவது அந்தப் பக்கம் நின்று பார்த்திருந்தால், ஏதோ ஊர்வலம் என்று கும்பிட்டிருப்பார்கள்.

ஒரு விழுந்த மரத்தில் இருந்தேன். இவர் வந்து முன்னால் நின்றார். மெல்லிய ஜாக்கெட், உதடு நீலம்.

"வீடு என்ர இல்லை" என்றார். "கார் ஞானம் அண்ணையின்ர. துறைமுகத்தில அலுவல் எண்டு எழுதினது... கப்பலில வாற பெட்டியளை ஒரு கிட்டங்கியில இறக்கிறது. கோட்டும் என்ர இல்லை. அது பழைய உடுப்புக் கடையில எல்லாருமாச் சேர்ந்து எடுத்தது."

"பல்லாவது உங்கடதானோ?"

"ஓம்" என்றார். பாவம், கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொண்டார்.

"எங்கட குளம் எண்டு எழுதினீங்களே?"

"எங்கட எண்டா... எங்கட பக்கத்துக் குளம் எண்ட அர்த்தம்."

தமிழ் ஆசிரியைக்கு இலக்கணம் சொல்லித் தருகிறார்! அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதி அதற்குத்தான். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அப்பாவை, அம்மாவை, ஊரை ஏமாற்றியதைச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "விமான நிலையத்தில நீர் ஏன் அந்த ஆளுக்கு முன்னால போய் நிண்டனீர்?"

நான் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். மதாம் ஒடெத் மூச்சிரைக்க வந்து சேர்ந்தா. எனக்கு முன்னால் முழங்காலில் இருந்து, என் காலில் ஒட்டிய இலைகளை ஏப்ரனால் துடைத்து, சப்பாத்தைப் போட்டுவிட்டா. நான் தடுத்தேன், விடவில்லை. அவவின் விரல் சுடச்சுட இருந்தது.

திரும்பிப் போகிற யோசனை வராமல் இல்லை. எங்கே போவது? வந்த பாதையில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் நான் நின்றதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் ஒரு படம் காட்டுகிற வேலைதான். 'ஓம்' என்று இவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

இனிமேல்தான் வெட்கப்பட வேண்டிய பகுதி. ஞானம் அண்ணையை எழுப்பிக் கமராவோடு கூட்டி வரச் சொன்னேன். "இன்னொரு படமோ? ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டபடி வந்தார். வீட்டின் படியில் நானும் மதாம் ஒடெத்தும் நிற்க, எடுத்தார். அதை அப்பாவுக்கு அனுப்பினேன். பின்பக்கத்தில் என்னுடைய கையெழுத்தில்: 'இவ எங்களுக்கு உதவிக்கு இருக்கிறா.' சொல்லுக்குச் சொல் பாருங்கள், பொய் இல்லை. சப்பாத்துப் போட்டுவிட்டவதானே. இவருடைய 'எங்கட'வைவிட என்னுடைய வசனம் இலக்கண சுத்தமானது. அதனால் அதைவிட மோசமானது. இவர் வாசித்தார். நேராகப் போய் முத்திரை வாங்கி வந்தார். எங்கள் இல்லறம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அப்பா அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்ததாக அம்மா எழுதினா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரும் போவோம். வடை கொண்டுபோவேன்; மதாம் ஒடெத் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பிடுவா. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுவோம். கிட்டங்கியில் பிரெஞ்சு பழகிய பிறகு, முதல்நாள் நான் அவவை யாரென்று நினைத்தேன் என்பதை இவர் ஒருநாள் சொல்லிவிட்டார். எனக்குப் பூமி பிளந்தால் நல்லது என்று இருந்தது. அவ சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் படியில் இருந்துவிட்டா. அன்றிலிருந்து நாங்கள் போய்க் கதவைத் தட்டினால், ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு, "வுய், பத்ரோன்?" என்பா. 'ஓம், முதலாளியம்மா?' என்று அர்த்தம்.

பன்னிரண்டு வருடம் கழித்து அம்மாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டோம். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்த வெள்ளைக்கார அம்மா வரேல்லையோ?"

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதும் பார்க் எக்ஸ்ரென்ஷனில்தான். அடித்தளத்தில் இருந்து இரண்டாம் மாடிக்கு ஏறியிருந்தோம், அவ்வளவுதான். "இது வேலைக்குக் கிட்ட எண்டு வைச்சிருக்கிற வீடு" என்று அம்மாவுக்குச் சொன்னோம். இவர் மதாம் ஒடெத்துக்குப் போன் எடுத்தார். ஒரு நாளைக்கு மட்டும் நடிக்க முடியுமா என்று கேட்டார். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வந்தவவாம். அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லையாம். உடனே ஓம் என்றா.

நன்றாகத்தான் நடித்தா. எண்பதைத் தாண்டிய மனுஷி, வெள்ளை ஏப்ரன் கட்டி, தலைமயிரைக் கொண்டை போட்டு, கதவைத் திறந்து குனிந்து நின்றா. அம்மா சாய்வு நாற்காலியில் இருந்து, யன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, தூசியை எனக்குக் காட்டினா. சுடுதண்ணி கேட்டா. வந்தது. சூடு காணாது என்றா. திரும்பக் கொண்டுவந்தா. இப்போது கூடிப்போச்சு. மூன்றாம்தரம் மதாம் ஒடெத் கொண்டுவரும்போது தண்ணி கோப்பைக்குக் கீழே பீரிசில் சிந்தியது. முகத்தில் சிரிப்பு மாறவில்லை; ஆனால் மற்றக் கையால் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றா.

"ஆளைக் கவனமா நடக்கச் சொல்லு, பிள்ளை" என்றா அம்மா.

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே வாசலில் இலை கூட்டவில்லை என்று சொன்ன குரல்.

"அம்மா, இவ வேலைக்காரி இல்லை. இது இவவின்ர வீடு."

"ஆர்ர வீடு?"

"இவவின்ர. எங்களுக்கு வீடு இல்லை. நேற்று நீங்கள் படுத்தது வாடகை வீடு. அதுதான் எங்கட."

அம்மா யன்னலால் குளத்தைப் பார்த்தா. "அப்பா மில்லில போற வாற ஆக்களுக்கெல்லாம் படத்தைக் காட்டினவர்" என்றா.

"தெரியும்."

"காட்டிக் காட்டியே போய்ச் சேர்ந்திட்டார்."

எழும்பினா. மதாம் ஒடெத்தின் கையிலிருந்து கோப்பையை வாங்கினா. அவவைத் தோளில் பிடித்துத் தன்னுடைய நாற்காலியில் இருத்தினா. தானே குசினிக்குள் போய்க் கேத்திலை வைத்தா. எந்தச் சுவிச் என்று கேட்கவில்லை, தானே கண்டுபிடித்தா. பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் ரெண்டு பேரும் வெளியில நில்லுங்கோ" என்றா.

நின்றோம். நாற்பது வயதில் இரண்டு பேரை வகுப்புக்கு வெளியே விட்ட மாதிரி, விறாந்தையில், குளிரில். உள்ளே சத்தம் இல்லை. ஒருத்திக்குத் தமிழ் மட்டும், மற்றவவுக்குப் பிரெஞ்சு மட்டும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரும்வழியில் கேட்டேன்; அம்மா சொல்லவில்லை. அதற்குப் பிறகு எட்டு நாள் என்னோடு கதைக்கவும் இல்லை. ஒன்பதாம் நாள், "அவவுக்கு முறுக்கு சப்பேலுமோ?" என்று கேட்டா. அடுத்ததரம் போனபோது நாலு முறுக்கை உரலில் இடித்துத் தூளாக்கி ஒரு போத்தலில் போட்டுக்கொண்டு வந்தா.

மதாம் ஒடெத் அதற்குப் பிறகு மூன்று அக்டோபர்தான் இருந்தா. அம்மா இன்னும் கொஞ்சக் காலம். ஞானம் அண்ணை ரொறன்ரோவுக்குப் போய், அங்கேயும் தனியாகவே இருந்து, அங்கேயே முடிந்தார். ஐந்து பேருக்குப் படம் எடுத்துக் கலியாணம் செய்துவைத்தவர். அவர்களுக்குள் கமரா பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர் என்றபடியால், அவரை எடுக்க ஆள் இருக்கவில்லை. இப்போது நாங்கள் மொன்றியலுக்குப் பக்கத்தில் டொலார்டில் இருக்கிறோம். சொந்த வீடு. யன்னல் எத்தனை என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

போன ஞாயிறு கோயிலால் வந்த அன்று பின்னேரம், இவர் கேட்காமலே காரை வடக்கே விட்டார். நாலைந்து வருடமாகப் போகவில்லை. தேவாலயத்தடியில் கார் விடுவதற்கு ஊர்க்காரர் அட்டை வேண்டுமாம். தூரத்தில் விட்டு நடந்தோம். குளம் இருந்தது. சிவப்புக் கூரை வீடு இல்லை. அந்த இடத்தில் முழுக்கக் கண்ணாடியால் ஒரு பெரிய பெட்டி. யன்னல் எது சுவர் எது என்று தெரியாது. பாதையும் முழுச் சுற்று இல்லை. பாதிவழியில் ஒரு சங்கிலி, தனியார் காணி என்று ஒரு பலகை, அதற்கு மேலே எங்களையே பார்க்கிற ஒரு சின்னக் கமரா. போன வழியாலேயே திரும்பி வரவேண்டும்.

சங்கிலியடியில் கொஞ்ச நேரம் நின்றோம். இலைக்கு அடியில் கிடந்த வேரொன்றில் எனக்குக் கால் தடக்கியது. விழப்போனேன், இவர் எட்டிப் பிடித்து, தானும் நிலை தவறி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி பொத்தென்று இலைக் குவியலுக்குள் இருந்துவிட்டோம். என் கண்ணாடி ஒரு பக்கம், இவருடைய தொப்பி ஒரு பக்கம். அடி ஒன்றும் இல்லை. இருந்தபடியே இரண்டு பேரும் மறுகரையைப் பார்த்தோம், ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கிற மாதிரி.

ஒன்றும் கேட்கவில்லை. எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு அந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.